நெய்யோ, எண்ணெயோ?

(நெல்லித்தோப்பில் கூடிய நம் சங்க மாதக்கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாம் செக்காட்டி வாழ்ந்த குலத்தினர். ஆதலின், நெய்க்கும் எண்ணெய்க்கும் நேர்ந்த வழக்கில் நான் எண்ணெயின் பக்கமே நிற்பேன் எனத் தாங்கள் எண்ணுதல் இயல்பே. ஆயினும் இருதயநோய் குலம் பார்த்து வருவதன்று. மேல்நாட்டாரினும் ஏறக்குறையப் பத்தாண்டு முன்னதாகவே அஃது இந்தியரைப் பற்றுகின்றது. இல்லத்தைத் தாங்கும் வயதிலேயே தலைவனை இழக்கும் குடும்பங்களை நாம் காண்கின்றோம். ஆகவே நடுநிலை நின்று ஆராய்வோம்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். எள்ளும் நெய்யும் புணர்ந்து எண்ணெய் ஆயின. வெண்மையும் நெய்யும் புணர்ந்து வெண்ணெய் ஆயின. எனவே நெய் என்பது பொதுப்பெயர், இரண்டும் ஓரினமே.

இரசாயன நூலார் கொழுப்பை நிறைவுற்றது, நிறைவுறாதது எனப் பகுப்பர். பசுநெய்யில் நூற்றுக்கு 60 பங்கு அளவில் நிறைவுற்ற கொழுப்பு உண்டு. நல்லெண்ணெயில் அஃது ஏறக்குறைய 15 பங்கு. 19ஆம் நூற்றாண்டில் நம் புதுவைத் துறையினின்று மார்செய் நகரத்து ஆலைகளுக்குக் கப்பலேறிய மணிலாக்கொட்டையின் எண்ணெயில் 20 பங்கிற்கு உட்பட்டது. ஆனால் தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய 90 பங்கு, பாமாயிலில் பாதி. தாவரத்தில் விளைந்தவை யாவும் ஒருதன்மையன அல்ல என்பது இதனால் விளங்கும்.

நிறைவுற்ற கொழுப்பு இரத்தத்தில் தீய கொலஸ்டிராலை உயர்த்தும் என்பதில் ஐயமில்லை. எண்ணெய் மாற்றத்தால் உயிர் காக்கப்படுமோ என்பதிலேதான் வழக்கு. 1967இல் மல்கோத்ரா என்னும் மருத்துவர் ரயில்வே ஊழியரிடை ஆராய்ந்து, நெய் மிகுதியாக உண்ட பஞ்சாபியரைவிட விதையெண்ணெய் உண்ட தென்னாட்டாரிடம் இந்நோய் 7 மடங்கு மிகுதி என எழுதினார். நெய்யன்பர் இதனைக் கொண்டாடுவர். ஆனால் இரு நாட்டாரும் உணவாலும் வழக்கங்களாலும் வேறுபட்டவர்; நெய்யே காத்தது என்று அதனால் துணிய இயலாது. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் 1968 முதல் 1973 வரை சோளவெண்ணெய் கொடுத்துப் பார்த்தனர். கொலஸ்டிரால் குறைந்தது, மரணம் குறையவில்லை என்பது 2016இல் வெளியாயிற்று. மறுபுறம், அமெரிக்க இருதயச் சங்கத்தார் சிறந்த சோதனைகளைத் தொகுத்து, நிறைவுற்ற கொழுப்பின் இடத்தில் நிறைவுறா எண்ணெயைக் கொண்டால் நோய் நூற்றுக்கு 30 அளவு குறையும் என 2017இல் உரைத்தனர்.

எனவே, ஒன்றை விலக்கினால் அதனிடத்தில் எதனை வைக்கின்றோம் என்பதே வினா. நெய்யை நீக்கிச் சர்க்கரையும் மைதாவும் உண்பார்க்குப் பயனில்லை. நெய்யை நீக்கி வனஸ்பதியை வைத்தார்க்கோ பெருந்தீங்கே விளைந்தது. எண்ணெயில் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தி இறுக்கிய அப்பொருள் 1937 முதல் டால்டா என்னும் பெயரால் பரவிற்று. அதன்கண் அமைந்த டிரான்ஸ் கொழுப்பு தீய கொலஸ்டிராலை உயர்த்தி, நல்லதனைத் தாழ்த்துவது. 2022 ஜனவரி முதல் எண்ணெய், வனஸ்பதிகளில் அது நூற்றுக்கு 2 பங்கிற்கு மேற்படலாகாது என்பது சட்டம்.

ஆகவே நம் விருந்துகளுக்கு மூன்று விதிகளை வேண்டுகின்றேன். வனஸ்பதி நம் அடுக்களையில் நுழையலாகாது. முன்னாள் காய்ந்த எண்ணெயை மறுநாள் வாணலியில் ஊற்றலாகாது. நாடோறும் சமைக்க நல்லெண்ணெயோ மணிலா எண்ணெயோ அளவாய்க் கொள்க. நெய் பருப்பின்மேல் ஒரு கரண்டியோடு நிற்க.

இம்மூன்றினையும் தீர்மானமாக ஏற்றருளுமாறு அவையோரை வேண்டி அமைகின்றேன்.