கழுத்துல பிளேட், கையில எந்த ரைஃபிள்?

டெக்சாஸ்ல என் டீம் லீட் மான் வேட்டைக்காரர். கழுத்து எலும்பு ரெண்டைப் பிளேட் வெச்சு இணைச்சிருக்காங்க. அப்பா கொடுத்த .30-06 ரைஃபிள் தோளை உதைச்சா தலையும் சேர்ந்து சொடுக்கும். இனி வேட்டையே கிடையாதோன்னு மனுஷன் உடைஞ்சுட்டார்.

"இன்ஜினியர்தானே, கணக்குப் போடு"ன்னார். தோட்டா அதேதான்னா, துப்பாக்கி எடை கூடக் கூட உதை குறையும். ஆனா அந்தப் பாரத்தைக் காட்டுல யார் சுமக்கிறது? அதனால தோட்டாவையே மாத்தச் சொன்னேன்: 1955-ல வந்த .243 வின்செஸ்டர். உதை ஏறக்குறைய பாதிதான்; மானுக்குப் போதும். மஸில் பிரேக் போட்டா இன்னும் குறையும், ஆனா காது கிழிஞ்சிடும். வேண்டாம்னுட்டார்.

சர்ஜன் சரின்னு சொன்ன பிறகுதான் முதல் ரவுண்டு சுட்டார். சின்னத் தோட்டா, இன்னும் கிட்டப் போகணும்னு இப்போ ஒரே புலம்பல்.