ஆர்னெம் நிலத்தின் தீ

ஆஸ்திரேலியாவின் வடக்கில், டார்வின் நகருக்குக் கிழக்கே உள்ள மேற்கு ஆர்னெம் நிலத்தின் மணற்பாறை மேட்டுநிலத்தைத் தொல்குடியினரான பினின் மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தீயைக் கொண்டே காத்து வந்தார்கள் என்பது, தீயைக் காட்டுக்குப் பகையென்றே எண்ணிப் பழகியவர்களுக்கு வியப்பளிக்கலாம். அம்மக்கள் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுக்கிறார்கள். அவற்றுள் மே, ஜூன் மாதங்களையொட்டி வரும் ‘யெக்கே’ பருவத்தில், மழை ஓய்ந்தும் புல் முற்றக் காயாதிருக்கும்போது, நிலத்தைத் திட்டுத்திட்டாக எரிக்கிறார்கள். ஈரத்தால் அத்தீ தாழ எரிந்து இரவுப் பனியில் பெரும்பாலும் தானே அவிந்துவிட, எரிந்த திட்டுகள் வறட்பருவத்தின் கடைசியில் எழும் பெருந்தீயை மேலே பரவவிடாமல் நிறுத்துகின்றன.

இருபதாம் நூற்றாண்டில் சமயப் பரப்புக் குடியிருப்புகளும் மாட்டுப் பண்ணைகளும் சுரங்கங்களும் அம்மக்களை ஈர்த்துக்கொள்ள, மேட்டுநிலம் ஆளற்றுப் போனது; பருவமறிந்து எரிப்பார் இல்லாத காட்டைப் பிற்பருவப் பெருந்தீ அடுத்தடுத்துச் சூழ்ந்து, அந்நிலத்துக்கே உரிய அன்பினிக் மரச்சோலைகளையும் அரித்தது. பாறை ஓவியராகவும் புகழ்பெற்ற முதியவர் பர்தயால் நாஜமெரெக், தம் மக்கள் நிலத்துக்குத் திரும்பினாலன்றி அது தேறாது என்று கண்டு, கபுல்வர்னமியோ என்னுமிடத்தில் மீண்டும் குடியேறி, அறிவியலாளர்களுடன் சேர்ந்து பழைய எரிப்பு முறையை உயிர்ப்பித்தார்.

அம்முயற்சி 2006இல் சுமார் 28,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்தது. புல் எரிகையில் வெளியேறும் கரியமில வாயுவை அடுத்த மழையில் தழைக்கும் புல் திரும்ப உறிஞ்சிக்கொள்வதால், புவியைச் சூடாக்கும் மற்ற இரு வாயுக்களான மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடுமே கணக்கில் கொள்ளப்படுகின்றன. முன்பருவ எரிப்பால் இவை குறைவதற்கு ஈடாக, டார்வினில் இயற்கை எரிவாயுவைத் திரவமாக்கும் ஆலை ஆண்டுக்குச் சுமார் பத்து லட்சம் டாலர் வழங்க ஒப்பியது. செயற்கைக்கோள் படங்களும் ஹெலிகாப்டர்களும் இன்று துணை நிற்கின்றன. ஆயினும் எந்த நிலத்தை எப்போது எரிப்பது என்பதில் அந்நிலத்துக்கு உரிய குலத்தாரின் சொல்லே முதன்மை பெறுகிறது. முடிவை வேறெங்கோ எடுத்துவிட்டுத் தொல்குடியினரிடம் கருத்து மட்டும் கேட்கும் திட்டங்கள் பலவற்றிலிருந்து இம்முயற்சியைப் பிரித்துக்காட்டும் சிறப்பு இதுவே.

பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பங்கள் நகரத்துக்குப் போய்விட்டால் மேட்டுநிலம் மறுபடியும் ஆளற்றுவிடும் என்பதால், 2015இல் கபுல்வர்னமியோவிலேயே ஒரு பள்ளி தொடங்கப்பட்டது.