பாட்டியின் பெயர் அட்டையில் ஏறியது!

(தலைப்பு: நாட்டுப்புறப் பாட்டு வாழ்வது கட்டிக் காப்பதாலா? கலந்து புதுக்குவதாலா? "கலந்து புதுக்குவதாலேயே" அணியில் பேசியது)



எதிரணித் தலைவர் ஒரு போடு போட்டார். "நாட்டுப்புறப் பாட்டு பாட்டியோட சேலை மாதிரி. மடிச்சுப் பெட்டியில வையுங்க, கையை வைக்காதீங்க"ன்னார். ஐயா, பெட்டியில வச்சா அது யாருக்குச் சாப்பாடு? பூச்சிக்கு! (சிரிப்பு) அதே சேலையைத் தூளியாக் கட்டினா பேரப்பிள்ளை தூங்கும்! (கைதட்டல்)

நான் பாலவாக்கத்துக்காரன். எங்கள் கடற்கரையிலே கட்டுமரம் போய் ஃபைபர் படகு வந்தது. துடுப்பு போய் இன்ஜின் வந்தது. மீனவர் பாடும் அம்பாப் பாட்டு எதுக்குங்க? வலை இழுக்கிற பத்துப் பேர் கையும் மூச்சும் ஒண்ணு சேர்றதுக்கு. வேலை மாறிட்டா அந்தப் பாட்டு எங்கே போகும்? புது இடம் தேடணும். இல்லேன்னா செத்துப் போகணும்.

அப்படிப் புது இடம் தேடிக் கொடுத்தவர் அரக்கோணத்துப் பிள்ளை, பாடகர், பாடலாசிரியர் அறிவு. 2019-இல் 'தெருக்குரல்' என்ற பாடல் தொகுப்பு. 2024-இல் 'வள்ளியம்மா பேராண்டி'. ஒப்பாரியும் கிராமத்துச் சந்தமும் ஒரு பக்கம், ராப் ஒரு பக்கம். இரண்டையும் முடிச்சுப் போட்டார்.

யார் இந்த வள்ளியம்மா? அவருடைய பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே உழைத்தவர். 1948-இல் வந்த சட்டத்தால் அந்த மலையகத் தமிழர்களில் பெரும்பாலோருக்கு அங்கே குடியுரிமை இல்லாமல் போனது. 1964-இல் சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று இரண்டு அரசும் கணக்குப் போட்டன. கணக்கிலே எண் இருந்தது, பெயர் இல்லை!

நாட்டுப்புறப் பாட்டுப் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். பாட்டு இருக்கும். பாடின கிழவி பெயர் பல இடத்திலே இருக்காது. எதிரணியினரே, நீங்கள் பாட்டைக் காத்தீர்கள், பாட்டியை விட்டுவிட்டீர்கள்! பேரன் கலந்தான், ஆனால் பாட்டியின் பெயரைத் தலைப்பிலேயே வைத்தான்! (பலத்த கைதட்டல்)

"ராப் அந்நியச் சரக்கு"ன்னு ஒரு அம்மா கோபப்பட்டாங்க. அம்மா, ஆர்மோனியம் ஐரோப்பாவிலே பிறந்ததுங்க. அது இல்லாம நம்ம தெருக்கூத்து களை கட்டுமா? ராப் 1970-களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், ஏழைக் கறுப்பினப் பிள்ளைகள் தங்கள் தெருவைப் பற்றிப் பாடி வளர்த்தது. ஒப்பாரிக்கு அது தூரத்துச் சொந்தம்தான்!

ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன். கலப்பதெல்லாம் கலை ஆகாது. யார் பாட்டு என்று சொல்லாமல், அவர்களுக்கு ஒரு பங்கும் கொடுக்காமல் எடுத்து விற்றால் அது திருட்டு. ஆனால் சொந்தக்காரரைச் சொல்லிவிட்டுக் கலப்பது வாரிசு உரிமை!

நடுவர் அவர்களே, பெட்டிக்குத் தீர்ப்பா, தூளிக்குத் தீர்ப்பா? நீங்களே சொல்லுங்கள்.