சாளரம்: பழுது பார்ப்பதா, புதிதாய் மாற்றுவதா?

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இலக்கியமும் இசையும் மணக்கும் இம்மேடையில் சாளரத்தைப் பற்றி ஓர் உரையா என்று சிலர் வியக்கலாம். ஆயினும், ஆனி மாதம் பிறந்ததும் நம் குடியிருப்பில் ஒருவரையொருவர் கேட்பது என்ன? "உங்கள் வீட்டிலும் தண்ணீர் உள்ளே வருகிறதா?" என்பதன்றோ? மும்பையில் மாதுங்கா, சயான், செம்பூர் என எங்கு வாழினும் நம் குடும்பங்கள் பல, பழைய கட்டடங்களில் வாழ்பவை. ஓய்வூதியத்தில் காலந்தள்ளும் பெரியோர் பலர். ஒழுகும் சன்னல்களை எல்லாம் பெயர்த்தெறிந்து புதியன மாட்டலாம் என்று ஒருவர் விலைப்பட்டியல் நீட்டும்போது, சேமிப்பில் பெரும்பகுதியை அதற்கு ஈவதா என்பது அவர்கட்குச் சிறு வினா அன்று.

சாளரத்திற்குக் காலதர் என்றொரு பழந்தமிழ்ப் பெயர் உண்டு. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. சன்னல் என்னும் சொல்லோ போர்த்துகீசியர் தந்தது. 1534 முதல் இம்மாநகரின் தீவுகளை ஆண்டவர்களும் அவர்களே. பெயர் எதுவாயினும் காற்றுக்கும் ஒளிக்கும் வழி விடுவதே அதன் தொழில்.

இந்நகரம் அவ்வுண்மையைத் துயரத்தின் வாயிலாகக் கற்றது. 1896-இல் பம்பாயில் கொள்ளைநோய் பரவியபோது, காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான வீடுகளே அதற்குக் காரணம் என்று பலர் கருதினர். 1898-இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை தோன்றியது. தாதர், மாதுங்கா பகுதிகள் அதன் திட்டத்தில் உருவானவை. நோயைப் பரப்பியது எலியின் தெள்ளு என்பது பின்னர்த் தெளிவாயிற்று. எனினும், வீட்டுக்கு வீடு வெளிச்சம் வேண்டும் என்னும் நெறி நின்றது. அதன் பயனை இன்றும் நாம் துய்க்கின்றோம்.

இனி, பழுதுக்கு வருவோம். முதற்கண் அறிய வேண்டியது, நீர் எவ்வழி வருகிறது என்பதே. சன்னலில் நீர் வழிந்தால் குற்றம் சன்னலுடையதே என்று கொள்ளுதல் கூடாது. மேலுள்ள சஜ்ஜாவின் வெடிப்பிலோ, சட்டத்திற்கும் சுவருக்கும் இடைப்பட்ட பூச்சிலோ நீர் புகலாம். அங்ஙனமாயின், எத்துணை விலையுயர்ந்த புதுச் சன்னலும் அடுத்த மழையில் ஒழுகவே செய்யும். மழையில்லாத நாளில் ரப்பர்க் குழாயால் முதலில் அடிப்பகுதியிலும், பின்னர்ப் பக்கங்களிலும், இறுதியில் மேற்புறத்திலும் சிறிது நேரம் நீர் விட்டுப் பார்த்தால் புகும் இடம் புலப்படும். இச்சோதனைக்குச் செலவு ஏதுமில்லை.

அடுத்தது, சட்டம் எந்நிலையில் உள்ளது என்பது. பழைய கட்டடங்களில் தேக்குச் சட்டங்கள் பல உள. மரத்தின் ஈரம் நூற்றுக்கு இருபதைக் கடந்து நீடித்தால்தான் உளுக்கும் பூஞ்சை வளரும். ஆகவே அழிவு பெரும்பாலும் நீர் தேங்கும் அடிச்சட்டத்திலும் மூலைப் பொருத்துகளிலும் தொடங்குகிறது. பேனாக்கத்தியின் முனையால் ஆங்காங்கே அழுத்திப் பாருங்கள். முனை இறங்காத இடம் உறுதியானது. கீழ்ப்பகுதி மட்டும் மெத்தென்றிருப்பின், அவ்வளவை அறுத்தெடுத்து, நன்கு உலர்ந்த தேக்குத் துண்டை ஒட்டிணைப்பது தேர்ந்த தச்சர்க்கு எளிது. சட்டம் முழுவதையும் கறையான் அரித்து உள்ளீடற்றதாக்கியிருந்தால் மட்டும் மாற்றுதலே முறை.

மழைக்காலத்தில் கதவு இறுகுகிறதென்று உடனே இழைத்துவிடாதீர்கள். ஈரத்தால் மரம் பருத்திருக்கும். ஆடியில் இழைத்த கதவு, மார்கழியில் சுருங்கி இடைவெளி காட்டும். தச்சு வேலையும் வண்ணப் பூச்சும் மழை ஓய்ந்து மரம் உலர்ந்தபின், வைகாசிக்கு முன்னர் முடித்துக்கொள்வதே தக்கது.

இரும்புச் சன்னல்களுக்குக் கடற்காற்றே பகை. துரு, தான் தோன்றிய இரும்பைவிட இருமடங்கிற்கும் மேலான இடத்தை அடைக்கும். அதனால் சட்டம் புடைத்துக் கண்ணாடி கீறுகிறது, சுவர்ப்பூச்சும் வெடிக்கிறது. துரு மேலோடு நின்றால், கம்பித் தூரிகையால் சுரண்டி, துருத்தடுப்பு வண்ணம் அடித்து, உடைந்த புட்டியைப் புதுப்பித்தால் சன்னல் பல்லாண்டு உழைக்கும். சுவருள் பதிந்த பகுதியே உதிர்ந்துவிட்டாலோ தயங்கலாகாது; மாற்றிவிடுக. மேல்மாடியிலிருந்து ஒரு கதவு கழன்று விழின், கீழே செல்வோர் உயிருக்கே கேடாம்.

அலுமினிய நகர்சன்னல்களின் ஒழுக்கு பல வீடுகளில் அடிப்பள்ளத்தின் வடிதுளைகள் அடைபட்டதால் வருவதே. தூசு அகற்றித் துளைகளைத் திறந்து, தேய்ந்த உருளைகளையும் ரப்பரையும் மாற்றினாலே குறை தீர்வதுண்டு. சட்டம் வளைந்துவிட்டால் மட்டுமே புதிது வேண்டும்.

இக்காலத்தில் பலர் விரும்புவது யூ.பி.வி.சி. சன்னல். துருப்பிடிக்காது, உளுக்காது, நன்கு பொருத்தினால் சாலை இரைச்சலையும் குறைக்கும். இருப்புப்பாதை ஓரத்தில் வாழ்வோர்க்கு அஃது ஒரு வரமே. ஆயினும், விலை கேட்கும்போது சன்னலின் விலையோடு நில்லற்க. பழைய சட்டத்தைப் பெயர்த்தல், சுவர் பூசுதல், ஓடு சரிசெய்தல், வண்ணம் அடித்தல் ஆகியவற்றையும் கூட்டிப் பாருங்கள். ஒரு வினாவை மறவாது கேளுங்கள்: "திறந்தால் எத்துணைப் பகுதி திறக்கும்?" இரு தடச் சன்னலில் பாதியே திறக்கும். கதவுச் சன்னலோ முழுமையும் திறக்கும். புதுமைக்காகக் காற்றில் பாதியை விற்றல் நன்றாமோ?

கட்டடம் விரைவில் இடித்துப் புதிதாய்க் கட்டப்படவுள்ளதெனின், பழுது பார்த்தலே சிக்கனம். சன்னலைப் பெரிதாக்கச் சுவரை வெட்டுவதோ எந்நாளும் ஆகாது. வெளிப்புறத்தில் மாற்றம் செய்யுமுன் வீட்டுவசதிச் சங்கத்தின் ஒப்புதலைப் பெறுக.

கம்பிக் கிராதி வைத்த இல்லங்கட்கு இன்னொன்று. குழந்தைகள் விழாதிருக்கக் கிராதி தேவைதான். ஆனால் தீப்பற்றினால் வெளியேறும் வழி ஒன்றேனும் அதில் இருத்தல் வேண்டும். திறக்கும் பகுதி ஒன்று அமைத்து, அதன் சாவியைப் பெரியோர் கைக்கெட்டும் இடத்தில் வைத்து, வீட்டார் அனைவர்க்கும் அறிவித்தல் நம் கடன். முதியோரால் தள்ள இயலாத கதவும் மூடிய சுவரே ஆகும். கீலுக்கு எண்ணெயிடுவதும் உருளை மாற்றுவதும் அவர்கட்குச் செய்யும் தொண்டு.

சுருங்கக் கூறின், நீர் புகும் வழி அறிக, சட்டத்தைச் சோதிக்க, உறுப்பு கெட்டிருப்பின் உறுப்பை மாற்றுக, உடலே கெட்டிருப்பின் முழுவதையும் மாற்றுக. இவ்வரிசையைத் தலைகீழாக்கி, விலைப்பட்டியலிலிருந்து தொடங்குவோர் பொருளையும் இழப்பர், ஒழுக்கும் நில்லாது. நம் இளைஞருள் பொறியியல் கற்றோர் பலர் உளர். தனித்து வாழும் முதியோர் இல்லங்கட்கு ஒரு விடுமுறை நாளில் சென்று, குழாய் நீரும் பேனாக்கத்தியும் கொண்டு சோதித்து உதவுவாராயின், அதுவும் சங்கப் பணியே.