அஞ்சறைப் பெட்டியும் கணிப்பொறியும்



சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் வழியில் புத்தலப்பட்டு என்றோர் ஊர் இருக்கிறது. கர்நூல் நெடுஞ்சாலையிலிருந்து திருப்பதிச் சாலை பிரியும் இடம் அது. சுற்றிலும் மாந்தோப்புகள். ஆனி மாதம் பிறந்துவிட்டால் கிளிமூக்கு மாங்காய்களை ஏற்றிய வண்டிகள் கூழ் ஆலைகளை நோக்கி வரிசையாகச் செல்வதைக் காணலாம். அவ்வட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. அவர்களுக்கு வீட்டில் தமிழ், கடைவீதியில் தெலுங்கு. பிள்ளைகளோ பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் பயில்கிறார்கள். தமிழ் பேசத் தெரிந்தும் எழுதத் தெரியாமல் வளரும் பிள்ளைகள் அங்கே மட்டுமா இருக்கிறார்கள்? இதைக் கேட்கும் உங்களில் பலருடைய இல்லங்களிலும் இதே நிலைதான் அல்லவா?

அவ்வூரில் ஒரு பெரியவர் இருந்தார். கூழ் ஆலை ஒன்றில் கணக்கராகப் பணியாற்றியவர். ஓய்வு பெற்றபின் தெருப் பிள்ளைகளுக்கு மாலை வேளைகளில் தமிழ் எழுதக் கற்பித்தார். அதற்கென்று தாமே ஒரு பாடச் சுவடி இயற்றி, தம்முடைய கணிப்பொறியிலேயே எழுதி வைத்திருந்தார். அவர் மறைந்து பல ஆண்டுகள் சென்றபின், அவருடைய மனைவியார் அந்தக் கணிப்பொறியைக் காட்டி என்னிடம், "தம்பி, அவர் எழுதின பாடமெல்லாம் இதற்குள்ளேதான் இருக்கிறது. பேரப்பிள்ளைகளுக்கு வேண்டும். எடுத்துக் கொடுக்க முடியுமா?" என்று கேட்டார்கள்.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். தாய்ப்பலகையின் மூலையில் இருந்த சிறிய மின்கலம் கசிந்து, அதன் காரநீர் பலகையின் செப்புக் கோடுகளைப் பச்சையாக அரித்திருந்தது. 1990-களின் முற்பகுதியில் செய்யப்பட்ட பலகைகளுக்கு இதுவே பெரும்பகை. காடியைத் தொட்டுத் துடைத்தால் காரம் முறியும். பின்பு சாராய ஆவியால் ஈரம் போக்கலாம். ஆனால் அறுந்துபோன கோடுகள் தாமே ஒட்டிக்கொள்ளா. அந்தப் பலகை மீளவில்லை.

நல்வினையாகச் செய்தி தாங்கிய வன்தட்டு பழுதுபடாமல் இருந்தது. முதல் வேலையாக அதனை வேறொரு கணிப்பொறியில் இணைத்து, உள்ளிருந்தவை அனைத்துக்கும் ஒரு படி எடுத்துக்கொண்டேன். பழைய தட்டு எப்போது நின்றுவிடும் என்று சொல்ல இயலாது. ஆகையால் படி எடுக்காமல் வேறெதையும் தொடலாகாது. ஆனால் கோப்புகளைத் திறந்தபோது தமிழ் தென்படவில்லை. பொருளற்ற குறிகளே தோன்றின. காரணம் இதுதான். யூனிகோடு முறையில் தமிழ் 1991-இலேயே இடம்பெற்றது எனினும், அது வழக்கில் பரவ நெடுங்காலம் பிடித்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்கு முன்னர், ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஓர் எழுத்துக் குறியீட்டைக் கொண்டிருந்தது. பெரியவர் பயன்படுத்திய மென்பொருளோ, அச்சுப்பொறி இணைப்பில் செருகிய ஒரு பூட்டுக்கட்டை இருந்தாலன்றி இயங்காது. ஆகவே பழைய பொறியையே மீண்டும் எழுப்புவதன்றி எனக்கு வேறு வழி தோன்றவில்லை. அதே வகையைச் சேர்ந்த ஒரு பழைய தாய்ப்பலகையைத் தேடிப்பிடித்து வாங்கினேன்.

அந்தப் பலகை 486 டிஎக்ஸ்2 என்னும் செயலிக்கு உரியது. அதனைப் பொருத்தும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில், மின் இணைப்பை நீக்கிய பெட்டியின் உலோகச் சட்டத்தைத் தொட்டு, நம் உடலில் தேங்கிய நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்ள வேண்டும். பலகையின் அடிப்புறம் தகட்டில் படாதபடி பித்தளைக் கால்களின்மேல் அமர்த்த வேண்டும். மின்சாரம் தரும் இணைப்பு இரண்டு துண்டுகளாக வரும். இரண்டிலும் உள்ள கறுப்புக் கம்பிகள் நடுவில் அடுத்தடுத்து அமையுமாறு செருக வேண்டும். மாற்றிச் செருகினால் பலகை கருகிவிடும். அடுத்து, ஜம்பர் எனப்படும் சிறு இணைப்புத் துண்டுகள். செயலியின் மின்னழுத்தம், துடிப்பு வேகம், கேஷ் நினைவகத்தின் அளவு ஆகியவற்றை இவையே பலகைக்கு அறிவிக்கின்றன. டிஎக்ஸ்2 செயலிக்கு 5 வோல்ட்டு வேண்டும். பின்னர் வந்த டிஎக்ஸ்4 செயலிக்கு அவ்வழுத்தத்தை நேரே கொடுத்தால் அது அழிந்துவிடும். ஆதலால் பலகையின் கையேட்டைப் படிக்காமல் ஒரு துண்டையும் நகர்த்தக்கூடாது.

கேஷ் நினைவகம் என்றேன். இன்றைய உரையின் உயிர்நிலை அதுவே. ஆகவே அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

நம் வீட்டு அடுக்களையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு வேண்டிய மிளகாயும் பருப்பும் கடுகும் உக்கிராண அறையில் இருக்கின்றன. ஆயினும் தாளிக்கும்போது ஒவ்வொரு சிட்டிகைக்கும் அங்கே ஓடுகிறோமா? இல்லை. அடுப்பருகே அஞ்சறைப் பெட்டி இருக்கிறது. அது சிறியது, ஆனால் கைக்கு எட்டுவது. கணிப்பொறியில் உக்கிராண அறை போன்றது முதன்மை நினைவகம். அஞ்சறைப் பெட்டி போன்றது கேஷ் நினைவகம்.

இனிக் கணக்கைப் பாருங்கள். அந்தச் செயலி உள்ளே நொடிக்கு 6 கோடியே 60 இலட்சம் முறை துடிக்கிறது. பலகையோ அதில் பாதி வேகத்தில் துடிக்கிறது. அதாவது பலகையின் ஒரு துடிப்புக்கு 30 நானோநொடி. நானோநொடி என்பது ஒரு நொடியை நூறு கோடி பங்கிட்டதில் ஒரு பங்கு. அக்காலத்து முதன்மை நினைவகம் விடை தர 70 நானோநொடி எடுத்துக்கொள்ளும். அதுவரை செயலி கைகட்டி நிற்க வேண்டும். கேஷ் சில்லுகளோ 15 அல்லது 20 நானோநொடியில் விடை தரும்.

எடுத்துக்காட்டாக, பத்து முறை தேடினால் ஒன்பது முறை பொருள் பெட்டியிலேயே கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது முறைக்கு இருபது இருபதாக 180. பத்தாம் முறை பெட்டியில் தேடிய 20-உம் அறைக்குச் சென்ற 70-உம் சேர்ந்து 90. ஆகக்கூடி 270. பத்தால் வகுத்தால் சராசரி 27 நானோநொடி. எழுபது எங்கே, இருபத்தேழு எங்கே! நினைவகம் முழுவதையும் விலையுயர்ந்த சில்லுகளாலே செய்யாமல், சிறு பகுதியைக் கொண்டே பெரும்பயன் அடைந்துவிடுகிறோம்.

ஒன்பது முறை கிடைக்கும் என்பதற்கு என்ன உறுதி என்று நீங்கள் கேட்கலாம். கணிப்பொறியின் வேலை பெரும்பாலும் செய்ததையே திரும்பச் செய்வது. இப்போது எடுத்ததை மறுபடியும் கேட்கும். இல்லையேல் அதற்கு அடுத்ததைக் கேட்கும். கடுகு எடுக்க அறைக்குச் சென்றவர் பக்கத்திலிருந்த உளுத்தம்பருப்பையும் சேர்த்து எடுத்து வருவதுபோல, 486 பொறியும் ஒரு முறை சென்றால் அடுத்தடுத்துள்ள 16 எண்மங்களைச் சேர்த்தே கொண்டுவருகிறது.

இக்கருத்து புதியதன்று. கேம்பிரிட்ஜில் பணியாற்றிய மாரிஸ் வில்க்ஸ் என்னும் அறிஞர் 1965-இல் 'அடிமை நினைவகம்' என்ற பெயரால் இதனை எடுத்துரைத்தார். 1968-இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் 360 வரிசையில் இதனைக் கொண்ட 85-ஆம் மாதிரியை அறிவித்தது. தமிழகத்துக்கும் இது விரைவில் வந்துவிட்டது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1973-இல் நிறுவப்பட்ட ஐ.பி.எம். 370/155 பொறியில் இத்தகைய விரைவு நினைவகம் இருந்தது. அதன் அளவு எட்டே கிலோபைட்டு! 1989-இல் வந்த 486 செயலி அதே எட்டுக் கிலோபைட்டைத் தன் சிறு வயிற்றுக்குள்ளேயே அடக்கிக்கொண்டது. அது போதாமையால் தாய்ப்பலகையின்மேல் இரண்டாம் நிலைக் கேஷ் ஒன்றையும் அமைத்தார்கள். 256 கிலோபைட்டு என்பது வழக்கமான அளவு. இன்றைய பொறிகளில் இவையெல்லாம் செயலிக்குள்ளேயே மறைந்துவிட்டன. பழைய பலகையிலோ இவற்றைக் கண்ணால் காணலாம், விரலால் தொடலாம். மாணவர் ஒருவருக்குப் பழைய பலகையைப்போல் நல்ல பாடநூல் இல்லை என்பேன்.

பெட்டியின் கிண்ணத்தில் இருப்பது எந்தச் சரக்கு என்று அறியச் சீட்டு வேண்டும் அல்லவா? அதற்கென்று தனிச் சில்லு ஒன்று உண்டு. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் எட்டு இலக்கச் சீட்டு. எட்டு இருமை இலக்கங்களால் 256 வகைகளைக் குறிக்கலாம். 256 கிலோபைட்டை 256 மடங்காக்கினால் 64 மெகாபைட்டு. அந்த அளவுவரைதான் இந்தக் கேஷ் பணி செய்யும். அதற்குமேல் நினைவகத்தைச் சேர்த்தால், மேற்பகுதிக்குச் சீட்டே கிடையாது. அங்கே உள்ள ஒவ்வொன்றுக்கும் செயலி உக்கிராண அறைக்கே ஓட வேண்டும். நினைவகத்தைப் பெருக்கியதனாலேயே பொறி மந்தமாகிவிட்டதென்று பலர் வியந்ததற்குக் காரணம் இதுவே.

எழுதும் முறையிலும் இரண்டு வகை உண்டு. குறிப்பேட்டில் எழுதும்போதே பேரேட்டிலும் பதிந்துவிடும் கணக்கரைப் போன்றது ஒரு வகை. குறிப்பேட்டில் மட்டும் எழுதிவைத்து, அந்தப் பக்கம் வேண்டியிருக்கும்போது பேரேட்டுக்கு மாற்றுவது மற்றொரு வகை. இரண்டாவது விரைவானது. ஆனால் எது இன்னும் பேரேடு ஏறவில்லை என்று குறித்துக்கொள்ள, பல பலகைகளில் சீட்டின் ஓர் இலக்கத்தையே செலவிடுவார்கள். எஞ்சுவது ஏழு இலக்கம்; எல்லையும் 32 மெகாபைட்டாகப் பாதியாகிவிடும்.

வன்தட்டுக்கும் இதே உத்தியைக் கையாண்டார்கள். 1993-இல் வந்த டாஸ் 6 பதிப்பில், தட்டில் எழுதவேண்டியதைச் சற்றுநேரம் நினைவகத்திலேயே நிறுத்திவைக்கும் ஏற்பாடு இருந்தது. எழுதி முடிந்தது என்று நம்பிப் பொறியை அணைத்தவர்கள் செய்தியை இழந்தார்கள். அதே ஆண்டில் வந்த 6.2 பதிப்பில் அம்முறையைத் திருத்தினார்கள். மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் ஊர்களில் வாழ்பவர்கள் இதனை மறவாதிருத்தல் நலம்.

இனிப் புத்தலப்பட்டுக்குத் திரும்புவோம். புதிதாகப் பொருத்திய பலகைக்கு மின்சாரம் கொடுத்தேன். திரையில் எழுத்துகள் தோன்றின. 256 கிலோபைட்டு கேஷ் இருப்பதாக அறிவிப்பும் வந்தது. ஆனால் வேலை தொடங்கியபோது பொறி நத்தையாய் ஊர்ந்தது. ஐயம் பிறந்தது. அமைப்புத் திரைக்குச் சென்று, வெளிக் கேஷை நிறுத்திவிட்டு, ஒரே வேலையைச் செய்ய ஆகும் நேரத்தை அளந்தேன். மீண்டும் அதனை இயக்கிவிட்டு அளந்தேன். இரண்டு நேரமும் ஒன்றே! கேஷ் உண்மையாக இருந்திருந்தால் வேறுபாடு தெரிந்திருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கியபோது உண்மை வெளிப்பட்டது. சில்லுகளின் கால்கள் பலகையின் எந்தக் கோட்டோடும் சேரவில்லை. அவை வெறும் கறுப்பு நெகிழித் துண்டுகள். 1990-களின் நடுவில் இத்தகைய போலிச் சில்லுகளைப் பதித்து, அறிவிப்பையும் பொய்யாக எழுதி விற்ற பலகைகள் உலகெங்கும் உலவின. எனக்கு வாய்த்தது அவற்றுள் ஒன்று. பழைய பலகை வாங்கும் அன்பர்கள் திரையில் தோன்றும் அறிவிப்பை நம்பாமல், இவ்வாறு அளந்து பார்த்தே தெளிய வேண்டும்.

ஏமாற்றம் இருந்தது. ஆயினும் அதிலிருந்தே ஓர் உண்மையை நேரில் அறிந்தேன். கேஷ் இல்லாவிட்டால் காலம்தான் மிகுமேயன்றி விடை பிறழாது. அஞ்சறைப் பெட்டி இல்லாத வீட்டிலும் சமையல் நடக்கத்தானே செய்கிறது? பூட்டுக்கட்டையைச் செருகினேன். வன்தட்டின் அளவுகளை அமைப்புத் திரையில் மீண்டும் பதித்தேன். பெரியவரின் மென்பொருள் மெல்ல மெல்லக் கண் விழித்தது. இரண்டு நாள் பொறுமையோடு இருந்து, சுவடியின் 62 பக்கங்களையும் அச்சிட்டு எடுத்தோம். பின்னர் அவற்றை யூனிகோடு எழுத்தில் மறுபடியும் தட்டச்சு செய்து, மூன்று இடங்களில் படி வைத்தோம்.

முதற் பாடத்தைப் பார்த்த அம்மையார் சற்று நேரம் பேசவில்லை. அதில் அம்மா, ஆடு என்று தொடங்கும் வழக்கமான வரிசை இல்லை. உப்பு, புளி, மிளகு, கடுகு, மஞ்சள் என்று தங்கள் வீட்டு அடுக்களையின் சொற்களையே அவர் வைத்திருந்தார். பிள்ளை நாள்தோறும் காதால் கேட்கும் சொல்லைத்தான் முதலில் எழுதக் கற்கவேண்டும் என்பது அவர் கருத்துப் போலும். கேஷ் நினைவகத்தின் இலக்கணமும் அதுவே அன்றோ? அடிக்கடி வேண்டியதை அருகில் வை என்பதுதான் அது.

நேயர்களே! உங்கள் வீட்டுப் பரண்மேலும் இத்தகைய பழைய கணிப்பொறி ஒன்று உறங்கிக்கொண்டிருக்கலாம். அதில் தந்தையார் எழுதிய கடிதமோ, தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரோ இருக்கலாம். இந்த வாரமே அதை இறக்கித் திறந்து பாருங்கள். மின்கலம் கசியுமுன் அதனை அகற்றுங்கள். தட்டுக்கு ஒரு படி எடுங்கள். மற்றவற்றைப் பின்னர்ப் பொறுமையாகப் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பாடங்களை இப்போது புத்தலப்பட்டில் நான்கு பிள்ளைகள் மாலை தோறும் எழுதிப் பழகுகிறார்கள்.