தவிட்டோடு போன நன்மை

(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் ஆயர் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்தக் கூடுகையில் நாங்கள் நன்றி சொல்லி, கணக்கை வாசித்து அமருவோம். இம்முறை ஒரு தவற்றையும் அறிக்கையிட வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகளாக, ஞாயிறு மாலை வார்டுகளில் ஜெபித்து முடித்தபின், உங்கள் காணிக்கையிலிருந்து ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பன்னும் சர்க்கரை போட்ட தேநீரும் கொடுத்துவந்தோம். காலில் ஆறாத புண்ணோடு படுத்திருந்த ஒரு தாயார், பன்னைக் கையில் வைத்துக்கொண்டே எங்களைப் பார்த்து, "ஐயா, காலையிலே டாக்டரம்மா இதைத் தொடக்கூடாதுன்னாங்க. சாயங்காலம் நீங்க ஜெபம் பண்ணிக் கொடுக்கிறீங்க. நான் யார் பேச்சைக் கேக்க?" என்றார்கள். எங்களிடம் பதில் இல்லை.

மறுநாளே மருத்துவர்களிடமும் உணவு ஆலோசகரிடமும் போய் உட்கார்ந்து கேட்டோம். அங்கே கற்றுக்கொண்டதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

அந்தத் தாயாருக்கு இருந்தது சர்க்கரை வியாதி மட்டுமல்ல. ஐந்து காரியங்களை மருத்துவர்கள் பார்க்கிறார்கள். நம் நாட்டவருக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களில் 90, பெண்களில் 80 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருப்பது ஒன்று. இரத்த அழுத்தம் 130/85-ஐத் தொடுவது இரண்டு. வெறும் வயிற்றில் சர்க்கரை 100-ஐத் தொடுவது மூன்று. டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு 150-ஐத் தொடுவது நான்கு. நல்ல கொழுப்பு ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் கீழே இறங்குவது ஐந்து. இவற்றில் எவையேனும் மூன்று சேர்ந்தால் அதற்கு மெட்டபாலிக் சின்ட்ரோம் என்று பெயர். தனித்தனியாகப் பார்த்தால் "கொஞ்சம் கூடுதல்தானே" என்று விட்டுவிடுவோம். மூன்றும் கைகோத்து வரும்போது சர்க்கரை வியாதிக்கும் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வாசல் திறக்கிறது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் தேசத்தில் 10 கோடிக்கும் அதிகமானோருக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாகக் கணக்கிட்டது. இந்தக் கூடத்திலும் அநேகர் அந்தக் கணக்கில் இருப்போம்.

இதற்குக் காரணங்கள் பல. வம்சவழி உண்டு, உடல் உழைப்புக் குறைவு உண்டு. ஆனால் நம் கைக்கு எட்டுகிற காரணம் ஒன்று உண்டு: தானியத்தைத் தீட்டித் தீட்டி வெண்மையாக்கி, தவிட்டோடு நார்ச்சத்தையும் எறிந்துவிட்டோம்.

இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் இரண்டு பேரை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். டெனிஸ் பர்கிட் அயர்லாந்தில் பிறந்தவர், சிறுவயதிலேயே ஒரு கண்ணை இழந்தவர், ஆழ்ந்த விசுவாசி. 1946 முதல் உகாண்டாவில் அறுவை மருத்துவராக இருந்தார். ஹியூ டிரவல் 1929-இல் கென்யாவுக்குச் சென்று, பின்பு உகாண்டாவில் பணியாற்றிய மருத்துவர். ஓய்வுக்குப்பின் இங்கிலாந்தில் குருவானவராக அபிஷேகம் பெற்றார். இங்கிலாந்தில் சாதாரணமாயிருந்த குடல்வால் அழற்சி, மலக்குடல் புற்று, சர்க்கரை வியாதி ஆகியவை ஆப்பிரிக்கக் கிராமங்களில் அபூர்வமாயிருந்ததை இவர்கள் கண்டார்கள். எந்த ஊரில் எந்த வியாதி என்றறிய, பர்கிட் மிஷன் மருத்துவமனைகளுக்குக் கடிதம் அனுப்பி விவரம் திரட்டினார். எங்களைப் போன்ற சிறிய மருத்துவமனைகளின் பதிவேடுகளும் அந்த அறிவுக்கு உதவின என்பது எங்களுக்கு மகிழ்ச்சி. நார் நீக்கிய மாவுணவுக்கும் சர்க்கரை வியாதிக்கும் தொடர்பு உண்டு என்று 1975-இல் டிரவல் எழுதினார். அவர்கள் சொன்ன எல்லாமே அப்படியே நிரூபணமாகவில்லை. ஆனால் 2019-இல் லான்செட் இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வு, அதிக நார்ச்சத்து உண்பவர்களிடம் இருதய வியாதியும் சர்க்கரை வியாதியும் 15 முதல் 30 சதவீதம் வரை குறைவாயிருப்பதைக் காட்டியது. நாளொன்றுக்கு 25 முதல் 29 கிராம் நார்ச்சத்து நல்ல பலன் தருவதாகவும் கண்டது.

நார்ச்சத்து நமக்கு ஜீரணமாகாது. பின் எப்படி நன்மை செய்கிறது? ஓட்ஸ், பயறு, வெந்தயம் போன்றவற்றில் உள்ள கரையும் நார், வயிற்றில் கூழ்போலக் குழைந்து, சர்க்கரை இரத்தத்துக்குள் பாய்வதைத் தாமதப்படுத்துகிறது. பித்தத்தைப் பிடித்துக்கொண்டு வெளியேறுகிறது. ஈரல் புதிய பித்தம் உண்டாக்க இரத்தத்திலுள்ள கொழுப்பை எடுத்துக்கொள்கிறது. மீந்த நாரைப் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டு, குடலுக்கு ஆகாரமாகும் அமிலங்களைத் தருகின்றன. தவிட்டிலும் கீரையிலும் உள்ள கரையாத நார் மலச்சிக்கலைத் தீர்க்கிறது. சீக்கிரம் வயிறு நிறைவதால் உணவும் அளவோடு நிற்கிறது.

நம் சமையலறைக்கு வருவோம். 100 கிராம் தீட்டிய அரிசியில் நார்ச்சத்து ஏறக்குறைய 3 கிராம்தான். அதே அளவு கேழ்வரகிலும் கம்பிலும் சுமார் 11 கிராம். முழுப் பச்சைப்பயற்றில் சுமார் 17. கொண்டைக்கடலையில் சுமார் 25. விலை உயர்ந்த டப்பா மாவு எதுவும் வேண்டியதில்லை.

சில எச்சரிப்புகளும் உண்டு. கேழ்வரகு என்றால் எவ்வளவும் குடிக்கலாம் என்று எண்ண வேண்டாம். நைசாக அரைத்துக் காய்ச்சிய கூழ் சர்க்கரையை வேகமாக ஏற்றும். முழுப் பயறும், காயும், கீரையும், சோற்றின் அளவைக் குறைப்பதும் சேர்ந்தே பலன் தரும். நார்ச்சத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். இல்லையேல் வயிறு உப்பும். தண்ணீரும் போதுமான அளவு குடியுங்கள். சிறுநீரக வியாதி உள்ளவர்களும், குடலில் அறுவை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும். மாத்திரையை ஒருவரும் தாமாக நிறுத்த வேண்டாம்.

அந்தத் தாயார் இரண்டு விரல்களை இழந்தபின் வீடு திரும்பினார்கள். பத்து வருடங்களுக்கு முன்பே யாராவது அவர்கள் தட்டைப் பார்த்திருந்தால் என்று நாங்கள் இன்னும் நினைக்கிறோம்.

இப்போது ஞாயிறு மாலையில் பன் இல்லை. சுண்டல் உண்டு, சர்க்கரையில்லாத தேநீர் உண்டு. யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று வார்டு சிஸ்டர் பட்டியல் தருகிறார்கள். பன் வாங்குவது எளிது. கடலையை முந்தின இரவே ஊறப்போட்டு, மறுநாள் அவித்துத் தாளிக்க ஆட்கள் வேண்டும். பன்னுக்கென்று நீங்கள் தந்த காணிக்கையை உங்கள் சம்மதமின்றி மாற்ற எங்களுக்கு மனமில்லை, ஆகவே கேட்கிறோம். பணத்தோடு, சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரமும் தரக்கூடியவர்கள் பெயர் கொடுங்கள்.

இன்னொரு விண்ணப்பம். நோயாளியைப் பார்க்க வரும்போது பிஸ்கட்டும் குளுக்கோஸ் டப்பாவும் வாங்கி வராதீர்கள். இரண்டு கொய்யாப்பழம் கொண்டுவாருங்கள். அதையும் சிஸ்டரிடம் கேட்டுவிட்டே கொடுங்கள். அறுப்பின் பண்டிகை விருந்திலும் சோற்றுக்கு இணையாக ஒரு கரண்டி கீரையும் ஒரு கரண்டி பயறும் இலையில் விழட்டும்.

அன்பாகக் கொடுப்பதற்கு இத்தனை வருடங்களாக உங்களிடம் கற்றுக்கொண்டோம். அறிந்து கொடுப்பதற்கு ஒரு நோயாளியிடம் கற்றுக்கொண்டோம். இரண்டும் சேர்ந்தே இனி எங்கள் ஊழியம் நடக்க நீங்களும் ஜெபித்து உதவுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.