துருப்பிடித்தால் போவது நம்ம காசு
(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம ஆவுடையார்கோவில் பகுதியில் ஒரு குழு, உள்கடன் போட்டு பத்து கதிர் அரிவாளும் நான்கு மண்வெட்டியும் வாங்கியது. வாடகைக்கு விட்டுக் கடனை அடைப்பதாகத் தீர்மானம். ஐப்பசியில் மழை பிடித்ததும் எல்லாவற்றையும் காலி உரச்சாக்கில் கட்டி மூலையில் போட்டார்கள். தை அறுப்புக்குச் சாக்கைப் பிரித்தால் ஒரே துரு! பாதி அரிவாள் கொல்லப் பட்டறைக்குப் போனது. வாடகை போச்சு, கடன் நின்றது. தப்பு அவர்களுடையது மட்டுமில்லை. வாங்கும்போது கூடவே வந்த நாங்கள், பராமரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனால்தான் இன்று இந்தப் பேச்சு.

துரு எப்படி வருகிறது? இரும்பு, ஈரம், காற்றிலுள்ள ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. உப்பும் சேர்ந்தால் வேகம் கூடும். கருவி மழையில் நனைய வேண்டும் என்பதில்லை. காற்றில் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினாலே போதும். நமக்கோ மீமிசல் பக்கமிருந்து கடல்காற்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. சாக்கில் ஒட்டியிருக்கும் உரத்தூளும் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும்.

டெல்லியில் ஒரு இரும்புத் தூண் சுமார் 1,600 வருடமாக வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம் என்பதால், மேலே மெல்லிய படலம் உண்டாகிக் காப்பாற்றுகிறது. நம்ம அரிவாளுக்கு அந்தப் படலத்தை நாம்தான் எண்ணெயால் போட வேண்டும்.

செய்ய வேண்டியவை:

1. வேலை முடிந்ததும் மண் போகக் கழுவி, துணியால் துடைத்து, வெயிலில் காய வையுங்கள்.

2. மெல்லிசாக எண்ணெய் தடவுங்கள். அரிவாள்மனை, கத்திக்குத் தேங்காய் எண்ணெய். மண்வெட்டி, கடப்பாரைக்கு கிரீஸ். பழைய இன்ஜின் ஆயில் வேண்டாம். தோலுக்கும் கெடுதல், மண்ணுக்கும் கெடுதல்.

3. தரையில் போடாமல், ஈரச்சுவரில் சாய்க்காமல், காற்றோட்டமான இடத்தில் தொங்க விடுங்கள்.

4. மழை மாதங்களில் 15 நாளுக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து மறுபடி எண்ணெய் போடுங்கள்.

5. லேசான துரு என்றால் புளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வைத்து, செங்கல் பொடியால் தேய்த்து, நன்றாகக் கழுவுங்கள். புளி ஒட்டியிருந்தால் திரும்பவும் துரு வரும். உடனே காய வைத்து எண்ணெய் போட வேண்டும்.

இன்னொன்று. துருதான் வில்வாத ஜன்னியைக் கொண்டுவருகிறது என்று பலர் நினைக்கிறோம். அது மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் கிருமியால் வருவது. எனவே புது அரிவாள் வெட்டினாலும் அலட்சியம் கூடாது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.

அந்தக் குழு சிறுகச் சிறுகக் கடனைக் கட்டி முடித்துவிட்டது. இப்போது கருவிகள் ஊக்குநர் வீட்டுத் தாழ்வாரத்தில் எண்ணெய் பூசித் தொங்குகின்றன. மாதம் ஒரு உறுப்பினர் பொறுப்பு. உங்கள் குழுவில் யார் பொறுப்பு? அடுத்த கூட்டத்திலேயே பேசி, தீர்மான நோட்டில் எழுதிவிடுங்கள்.